ராத்திரி கிரேன் எங்கே நிற்கும்?

"ராத்திரி உங்க கிரேன் எங்க நிக்கும்?"

2015-இல் மாநில வரி அலுவலர் ஒருவர், கிரேன் வாடகைக்கு விடும் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்து நாற்காலியில் ஃபைல் கட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். "சைட்லயேதான் சார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேலை ஆரம்பிக்கும். வண்டிய வீட்டுக்கா கொண்டுவர முடியும்?" என்றார் அப்பா. "தினம் வேலை நேரம் எழுதுற லாக் ஷீட்ல கையெழுத்து?" "அவங்க இன்ஜினியர் போடுவாரு." "நடுவுல வேற பார்ட்டி கூப்பிட்டா அனுப்புவீங்களா?" "அதெப்படி சார், மாச வாடகைக்குப் பேசியாச்சே." அலுவலர் பேனாவை மூடி வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. "வண்டி அவங்க இடத்துல நிக்குது. அவங்க சொல்ற நேரத்துக்கு ஓடுது. வேற யாருக்கும் குடுக்க முடியாது. அப்போ உங்க கையில என்ன அண்ணாச்சி மிச்சம் இருந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். பி.காம் படித்துவிட்டு அவருடைய பில் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, இருக்கிறது என்று தெரிந்தும் வாயில் வரவில்லை. ஒன்பது வருடம் அந்தக் கேள்வி என்னோடு கூடவே இருந்தது. இதற்கிடையே வரிச் சட்டமே மாறிப்போனது, வழக்கும் முடிந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பெரிய கம்பெனி இல்லை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஷெட், ஹைட்ரா எனப்படும் 14 டன் சின்ன கிரேன் ஒன்று, ஃபைனான்ஸில் எடுத்த பழைய 80 டன் கிரேன் ஒன்று. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலை நடும் இடங்களில் எங்களுக்கு வேலை. உச்சிக்கு நேசலை, அதாவது ஜெனரேட்டர் இருக்கும் கூட்டை, தூக்கி வைக்கும் ராட்சத கிரேன் வெளியூர்க் கம்பெனியுடையதாக இருக்கும். எங்கள் வண்டி அதற்குத் துணை. ட்ரெய்லரில் வரும் இறக்கையை இறக்கும், டவர் துண்டைப் பெரிய கிரேன் நிமிர்த்தும்போது அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொடுக்கும். டெயிலிங் என்பார்கள். மாத வாடகை 3 லட்சம், 26 வேலை நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். ஆபரேட்டர், ஹெல்ப்பர், அவர்கள் சம்பளம், ரிப்பேர், இன்சூரன்ஸ் எங்கள் கணக்கு. டீசல் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பார்ட்டியின் கணக்கு. பேட்டாவும் அவர்களே கொடுப்பார்கள்.

இந்த வாடகைக்கு நாங்கள் வரி கட்டாமல் இல்லை. பொருளின் உடைமையையும் கட்டுப்பாட்டையும் மாற்றிக்கொடுக்காமல் பயன்பாட்டுக்கு மட்டும் தருவது சேவை என்று 2008 மே 16 முதல் மத்திய அரசு சேவை வரி போட்டது. 2012-இல் அது 12.36 சதவீதம். பில்லில் தனியாகக் காட்டி, பார்ட்டியிடம் வாங்கி, மாதாமாதம் கட்டினோம். சலானெல்லாம் அந்த ஃபைலிலேயே இருந்தது. இப்போது மாநிலத்தின் நோட்டீஸ் சொன்னது வேறு. நீங்கள் கொடுத்தது சேவை இல்லை, பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே அது விற்பனை, 2006-ஆம் வருட வாட் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி வரி கட்டுங்கள் என்றது. மூன்று வருடத்துக்கு வரியும் அபராதமும் சேர்த்து 7 லட்சத்துச் சொச்சம். இதைப் பார்ட்டியிடம் போய்க் கேட்க முடியாது. ஏற்கெனவே சேவை வரி கொடுத்தவன் மறுபடி ஏன் கொடுப்பான்? கைக்காசைத்தான் போட வேண்டும். ஒரே வாடகைக்கு சேவை வரியும் விற்பனை வரியும் சேர்ந்து வரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் இரண்டில் எது என்பதை இரண்டு அலுவலகமும் தனித்தனியாகத்தானே முடிவு செய்தன. மத்தியில் கட்டியதை மாநிலம் கணக்கில் எடுக்கவில்லை.

அண்டாவும் சமையல்காரரும்

வாடகைக்குக் கொடுப்பது எப்படி விற்பனையாகும் என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. வண்டி எங்களுடையது, ஆர்.சி. புத்தகம் எங்கள் பெயரில், ஃபைனான்ஸ்காரன் வந்து நிற்பது எங்கள் வாசலில். இதற்குப் பதில் தேடித்தான் சட்டம் படிக்க ஆரம்பித்தேன். 1982-இல் அரசியல் சட்டத்தில் செய்த 46-ஆவது திருத்தத்தில் போய் நின்றது. 366-ஆவது பிரிவில் 29ஏ என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்து, நாம் விற்பனை என்று நினைக்காத ஆறு வகைகளை விற்பனையாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 1983 பிப்ரவரி 2 முதல் நடைமுறை. அதில் ஒன்றுதான் பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றிக் கொடுப்பது. அந்தத் திருத்தத்துக்கான காரண விளக்கத்தைத் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அதில் சினிமாப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். படத்தை நேராக விற்காமல் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள், சில காலம் ஓடி முடிந்த பிறகு அந்தப் படத்துக்கு மதிப்பே இருப்பதில்லை, ஆக குத்தகை என்ற பெயரில் விற்பனை வரி நழுவிப் போகிறது என்பது அவர்கள் வாதம்.

படப்பெட்டிக்கு அது சரி. பெட்டியைக் கொடுத்தால் கொடுத்ததுதான். தியேட்டர்காரர் தன் ஆபரேட்டரை வைத்து ஓட்டிக்கொள்வார். எங்கள் கிரேன் பெட்டி இல்லை. அது ஓர் ஆளோடு வருகிறது. அந்த ஆள் எங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும். பாத்திரக் கடையில் அண்டா வாடகைக்கு எடுக்கிறோம். எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். நடுவில் நாம் அதில் சாம்பார் வைத்தோமா, பாயசம் வைத்தோமா, அடிப்பிடிக்க விட்டோமா என்பது அவர் கவலை இல்லை. ஒடுக்கு விழுந்தால் நம்மிடம் காசு வாங்குவார். சமையல்காரரும் தன் அண்டாவோடுதான் வருகிறார். மூன்று நாள் அந்த அண்டா நம் மண்டபத்தில்தான் கிடக்கிறது, வேறு கல்யாணத்துக்குப் போகாது, என்ன சமைப்பது என்பதை நாம்தான் சொல்கிறோம். ஆனாலும் அவரிடம் அண்டா வாடகைக்கு எடுத்தோம் என்று யாரும் சொல்வதில்லை. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுவது விற்பனைதான் என்று 1999-இல் ஹரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பாத்திரக் கடைக் கணக்கு. எங்களுடையது சமையல்காரர் கணக்கு என்பதுதான் எங்கள் வாதம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நோட்டீஸில் ஹைட்ராவின் ஐந்து மாத வாடகையும் இருந்தது. கான்கிரீட் கம்பம் வார்க்கும் ஒரு யார்டுக்கு ஆள் இல்லாமல் வண்டியை மட்டும் கொடுத்திருந்தோம். அவர்கள் ஆள் ஓட்டினார், பஞ்சரானால் அவர்களே ஒட்டிக்கொண்டார்கள். அது அண்டாதான். அந்தப் பகுதிக்கு எதிர்வாதம் எதுவும் செய்யாமல் கட்டிவிட்டோம். அலுவலர் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் மீதிப் பாதி என்னை அவ்வளவு உறுத்தியது.

ஆள் இருந்தால் போதுமா

ஆபரேட்டரோடு கொடுத்தால் சேவை, ஆபரேட்டர் இல்லாமல் கொடுத்தால் விற்பனை என்று ஒரு கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க அந்தக் கோடு அழிந்துகொண்டே போனது. விசாகப்பட்டினம் உருக்காலை தன் இயந்திரங்களைத் தன் வேலையைச் செய்யும் ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்குக் கொடுத்திருந்தது. இயந்திரத்தைப் பயன்படுத்துவது ஒப்பந்தக்காரர், பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கு. ஆனாலும் ஆலை வேலைக்குத் தவிர வேறெதற்கும் அதை எடுக்க முடியாது. ஆகவே உண்மையான கட்டுப்பாடு ஆலையிடமே இருந்தது, உரிமை மாறவில்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னதை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எங்கள் வக்கீல் முதலில் எடுத்து வைத்தது இதைத்தான். 2006-இல் பி.எஸ்.என்.எல். வழக்கில் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், உரிமை மாறியது என்பதற்கு ஐந்து அடையாளங்களை எழுதினார். கொடுக்கும்படியான பொருள் இருக்க வேண்டும், எந்தப் பொருள் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து வேண்டும், அதைப் பயன்படுத்தும் சட்ட உரிமை உரிமங்களோடு வாங்கியவருக்குப் போக வேண்டும், அந்தக் காலத்தில் உடையவருக்கே அதில் உரிமை இருக்கக் கூடாது, அதை அவர் வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியக் கூடாது.

எங்கள் மேல்முறையீட்டில் அதிகாரிகள் கடைசி இரண்டையும்தான் பிடித்துக்கொண்டார்கள். மேல்முறையீடு செய்யவே பிரச்சினைக்குரிய வரியில் 25 சதவீதம் முன்னால் கட்ட வேண்டும், கட்டினோம். எங்கள் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி இருந்தது: 'கிரேன் ஒப்பந்தக் காலம் முழுவதும் நிறுவனத்தின் பிரத்தியேகப் பயன்பாட்டில் இருக்கும்.' அது பார்ட்டியின் அச்சடித்த படிவம். எங்களைப் போன்றவர்கள் அதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், அடுத்த வண்டிக்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் 'பிரத்தியேக' என்ற ஒற்றைச் சொல் எங்களைக் கவிழ்த்தது. மேல்முறையீடு தள்ளுபடி, அதற்கும் மேலே தீர்ப்பாயம் என்று வழக்கு நகர்ந்தது.

2019 டிசம்பரில் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எனக்கிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. மங்களூர் துறைமுகத்துக்கு இழுவைக் கப்பல் ஒன்றைக் கேப்டன், மாலுமிகளோடு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆள் கப்பல்காரருடைய ஆள். ஆனாலும் அது உரிமை மாற்றமே, விற்பனையே என்றது தீர்ப்பு. முழுவதும் படித்தேன். கப்பலும் ஆட்களும் வாடகைக்கு எடுத்தவர் வசம் என்று அந்த ஒப்பந்தம் தெளிவாக எழுதியிருந்தது. அதனால் அப்படி ஆனது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புயல் அடிக்கும்போது கப்பலை எடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் அந்தக் கேப்டன்தானே, அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சமாதானம்

2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பழைய வரி நிலுவைகளுக்கு சமாதானத் திட்டம் கொண்டுவந்தது. 50,000 ரூபாய்க்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, அதற்கு மேல் இருந்தால் ஒரு பகுதியைக் கட்டினால் மீதி தள்ளுபடி, வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அப்பாவுக்கு அப்போது 71 வயது. 80 டன் வண்டியை விற்றாகிவிட்டது. "நான் இருக்கையிலே இத முடிச்சிருவோம்டா. எனக்கப்புறம் ஒங்கிட்ட வந்து கேக்கக் கூடாது" என்றார். டிசம்பரில் கட்டி, வழக்கைத் திரும்பப் பெற்று, சான்றிதழ் வாங்கினோம். அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

2024 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, சஞ்சய் கரோல் அமர்வின் தீர்ப்பு வந்தது. அசாமில் ஓ.என்.ஜி.சி.க்குக் கிரேன்களும் இந்தியன் ஆயிலுக்கு டேங்கர்களும் வாடகைக்கு விட்டவர்களின் வழக்கு. ஆள் உரிமையாளருடையவர், பராமரிப்பு உரிமையாளருடையது, ஒரு வண்டி போனால் வேறு வண்டி நிறுத்திக்கொள்ளலாம். ஆக உரிமை மாறவில்லை, அது விற்பனை இல்லை, சேவை என்றது தீர்ப்பு. இழுவைக் கப்பல் வழக்கு வேறு, இது வேறு என்றும் பிரித்துச் சொன்னது. வக்கீல் அனுப்பிய பி.டி.எஃப்.பைக் கைபேசியில் படித்துக்கொண்டே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பத்தியிலும் எங்கள் வண்டி தெரிந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்ற எண்ணத்தை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

இதற்குள் புதிய வாடகைகளுக்கு இந்தச் சண்டையே கிடையாது. 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றிக் கொடுப்பதும் சேவைதான் என்று எழுதிவிட்டது. தவணை முடிந்ததும் உடைமை மாறும் என்று ஒப்பந்தம் இருந்தால் மட்டும் அது பொருள். ஆனால் ஆபரேட்டர் கேள்வி வாசல் வழியாகப் போய்க் கொல்லை வழியாகத் திரும்பி வந்தது. ஆளில்லாமல் வாடகைக்கு விட்டால் அந்தப் பொருளை விற்றால் என்ன விகிதமோ அதே விகிதம் என்றார்கள். புல்டோசர், பொக்லைன், ரோடு ரோலர் எல்லாம் 2017 நவம்பர் 15-இல் 18 சதவீதத்துக்கு இறங்கும்வரை 28 சதவீதத்தில் இருந்தன. அந்த நாலரை மாதம் எங்கள் பக்கத்து பொக்லைன்காரர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அரசு கேள்வியைத் தீர்க்கவில்லை, அதைக் கேட்கத் தேவையில்லாமல் ஆக்கியது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தொழில் செய்கிறார்கள், நல்லதுதான். பழைய வருடங்களுக்கு நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு அது பதில் ஆகாது.

காற்று

2024 பிப்ரவரி மாதம் எங்கள் பழைய ஆபரேட்டர் அண்ணன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அந்த 80 டன் வண்டியை ஏழு வருடம் ஓட்டியவர். காப்பி குடித்துக்கொண்டே அப்பாவும் அவரும் பழைய சைட்டுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராதாபுரம் பக்கம் நடந்த ஒன்றை அவர் சொல்ல ஆரம்பித்தார். 2012 ஜூன் மாதம். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்ட நேரம். இறக்கை நாற்பது மீட்டருக்கு மேல் நீளம், அகலமான துணி மாதிரிக் காற்றைப் பிடிக்கும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது தூக்கினால்தான் உண்டு. அன்றைக்கு ட்ரெய்லர் வந்து சேரவே எட்டரை மணி. ஸ்லிங் போட்டு ஒரு முழம் தூக்கினார். நுனிக்குக் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த நாலு பையன்களும் கயிற்றோடு சேர்ந்து நகர்ந்தார்கள். உடனே திரும்ப இறக்கி வைத்து, கிரேனின் கையான பூமை மடக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

சைட் இன்ஜினியர் ஓடி வந்தார். பெரிய கிரேன் சும்மா நின்றால் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் நஷ்டம், அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. "நான் சொல்றேன், தூக்குங்க" என்றாராம். "சார், நீங்க சொல்லுவிய. ஆனா தூக்குறது நான்" என்றாராம் இவர். இன்ஜினியர் அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, உங்க ஆள்கிட்ட தூக்கச் சொல்லுங்க." அப்பா சொன்ன பதிலை ஆபரேட்டர் அண்ணன் அப்படியே சொன்னார்: "அவன் வேண்டாம்னா வேண்டாம்தான் தம்பி. வண்டி கவுந்தா போலீஸ் எங்கிட்டதான் வரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2015-இல் அந்த மேசைக்கு முன்னால் எனக்குக் கிடைக்காத பதில் இது. என்ன தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்வது மட்டும் எங்கள் கையில் இருந்தது. அந்த ஒன்று எங்களிடம் இருக்கும்வரை வண்டி எங்களுடையது. பிரத்தியேகம் என்றால் வேறு யாருக்கும் போகாது என்று அர்த்தம், அவ்வளவுதான். அவர்கள் இஷ்டத்துக்கு ஆடும் என்று அர்த்தம் இல்லை. அண்டாவை வாடகைக்கு எடுத்தவன் அதை எப்படி வேண்டுமானாலும் அடுப்பில் ஏற்றலாம், அண்டா மறுத்துப் பேசாது.

அவர் போன பிறகு பரணில் இருந்து அந்தக் கட்டை இறக்கினேன். 2012 ஜூன் லாக் ஷீட்டுகள், பச்சை நிறக் கார்பன் காப்பி, ஓரமெல்லாம் டீசல் கறை. தேதி, தொடக்க மீட்டர், முடிவு மீட்டர், வேலை நேரம், ஐடில் என்ற சும்மா நின்ற நேரம், பிரேக்டவுன், குறிப்பு என்று கட்டங்கள். ஒரு தாளில் இரண்டு மீட்டருக்கும் நடுவே அரை மணிகூட இல்லை. ஐடில் கட்டத்தில் கோடு போட்டிருந்தது. குறிப்புக் கட்டத்தில் இன்ஜினியரின் கையெழுத்தில் இரண்டே சொல்: 'ஆபரேட்டர் ரெஃப்யூஸ்டு.' கீழே அவர் கையொப்பம், சீல். எங்கள் மேல் குறையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த மாத பில்லையும் தேடி எடுத்தேன். 3 லட்சத்தில் ஒரு நாள் வாடகை 11,538 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளும் பில்லும் அன்றைக்கு அலுவலர் புரட்டிய அதே ஃபைலில், அதே நூலில் கட்டப்பட்டு இருந்தவை. கையெழுத்து யாருடையது என்றுதான் அவர் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே படிக்கவில்லை.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தீர்ப்பைப் பற்றி, டிசம்பரைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. தாளின் மேல் விரலை வைத்து, அந்தத் தேதியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்த பதினோராயிரத்து ஐந்நூத்திச் சொச்சம் பொறவு வந்துச்சாடா?"

"வரலப்பா."

"ஆனா அன்னைக்கு அவன் எறக்குனது சரிதான்" என்றார்.